கரைத்து மீண்டும் வார்க்கக்கூடிய எரிபொருள் மின்கலச் சவ்வு: எஸ்பீக் செய்முறை, படிப்படியாக

எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகவோ முனைவர் பட்டத்துக்காகவோ பாலிமர் சவ்வு வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு இந்த வழிகாட்டி. ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தின் நடுவில் இருந்து புரோட்டானைக் கடத்தும் சவ்வை எப்படிச் செய்வது, ஓடி முடித்த பிறகு அதையே கரைத்து மறுபடி எப்படிச் சவ்வாக வார்ப்பது என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். எடுத்துக்கொண்ட பாலிமர் எஸ்பீக், அதாவது சல்போனேற்றம் செய்த பாலி ஈதர் ஈதர் கீட்டோன்.

ஏன் நாஃபியான் இல்லை? இந்தச் சவ்வுக்கு வழக்கமாகப் பயன்படும் நாஃபியான் ஃப்ளூரின் நிறைந்த பாலிமர். பழைய சவ்வை எரித்து, அதில் ஒட்டியிருக்கும் வினையூக்கியான பிளாட்டினத்தை எடுக்கப் போனால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கிளம்பும். எஸ்பீக்கில் அந்தச் சிக்கல் இல்லை. சாதாரண ஆய்வகத்திலேயே செய்யலாம், தெரிந்த கரைப்பான்களில் கரையும். ஆயுளில் அது நாஃபியானுக்கு ஈடாகாது என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான். நல்ல கடத்துதிறன் வரும்வரை மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கடைசியில் கரைத்துப் பார்க்கும்போது சவ்வு உப்பி, கூழாகி, கரையாமல் கிடக்கும். எப்படிக் கரைக்கப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

1. கரைப்பானையும் சல்போனேற்ற அளவையும் முதலில் முடிவு செய்யுங்கள்

எஸ்பீக் எதில் கரையும் என்பது ஒரே ஒரு எண்ணைப் பொறுத்தது: சங்கிலியின் நூறு அலகுகளில் எத்தனையில் சல்போனிக் அமிலத் தொகுதி ஏறியிருக்கிறது என்பது. இதைப் பின்னமாக எழுதுவது வழக்கம்.

0.3-க்குக் கீழே இருந்தால் அடர் சல்பூரிக் அமிலம் தவிர எதிலும் கரையாது. 0.3-ஐத் தாண்டினால் சூடான டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு), டிஎம்ஏசி (டைமெத்தில் அசெட்டமைடு), டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) ஆகியவற்றில் கரையும். 0.4-க்கு மேல் அதே கரைப்பான்களில் அறை வெப்பநிலையிலேயே கரையும். 0.7-க்கு மேல் மெத்தனாலிலும் கரையத் தொடங்கும். 1.0-ஐ எட்டினால் வெந்நீரே போதும்.

இங்கேதான் இழுபறி. அளவு கூடக் கூட புரோட்டான் நன்றாக ஓடும், கரைப்பதும் எளிது. ஆனால் மின்கலத்துக்குள் நீர் உருவாகிக்கொண்டே இருக்கிறது, வெப்பநிலையும் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ். 0.7-க்கு மேல் போன சவ்வு அந்த நீரிலேயே உப்பித் தளர்ந்துவிடும். அதனால் 0.55 முதல் 0.65 வரை குறி வையுங்கள். கரைப்பான் டிஎம்எஸ்ஓ.

டிஎம்எஃப் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். அது இனப்பெருக்க நலத்துக்குக் கேடானது, டிஎம்ஏசியும் அப்படித்தான். அதோடு, அமிலம் இருக்கும் சூட்டில் டிஎம்எஃப் சிதைந்து டைமெத்தில் அமீன் தரும். அந்த அமீன் சல்போனிக் தொகுதியைப் பிடித்துக்கொண்டு கடத்துதிறனைக் குறைக்கும். டிஎம்எஸ்ஓ பாதுகாப்பானது என்றாலும் தோல் வழியாக உள்ளே போகும். அதில் கரைந்திருக்கும் பொருளையும் சேர்த்தே கொண்டுபோகும். கையுறை கட்டாயம்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுங்கள். சவ்வு வலுவாக இருக்கட்டும் என்று சகப்பிணைப்புக் குறுக்கிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று நிரந்தரமாகக் கட்டும் பிணைப்பு) சேர்த்தால் அது இனிக் கரையாது, மறுசுழற்சி அங்கேயே முடிந்தது. வலு வேண்டுமென்றால் துளையுள்ள வலையைத் தாங்கியாக உள்ளே வைக்கலாம். கரைக்கும்போது அதைத் தனியே வெளியே எடுத்துவிடலாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சல்போனேற்றம் செய்யாத மூலப் பாலிமரான பீக்கைத் தூளாக வாங்குங்கள், குருணையாக வேண்டாம். குருணை கரைய நேரம் எடுக்கும். அதற்குள் வெளிப்பக்கச் சங்கிலிகள் அதிகமாகவும் உள்பக்கச் சங்கிலிகள் குறைவாகவும் சல்போனேற்றம் அடைந்துவிடும். தூளை 100 டிகிரியில் இரவு முழுக்க வேக்குவம் அவனில் (வெற்றிட அடுப்பில்) உலர்த்துங்கள்.

சல்பூரிக் அமிலம் 95 முதல் 98 சதவீதம். புதிதாகத் திறந்த பாட்டில் நல்லது. கடலோர ஊர்களில் மூடி சரியாக மூடாத பாட்டில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அமிலம் நீர்த்துப்போய் வினை மந்தமாகும். வேகம் வேண்டும் என்று புகையும் அமிலத்துக்கோ குளோரோசல்போனிக் அமிலத்துக்கோ போகாதீர்கள். சங்கிலி அறுபடும், சங்கிலிகளை இணைக்கும் சல்போன் பாலங்களும் உருவாகும்.

மேலிருந்து சுழலும் மெக்கானிக்கல் ஸ்டிரர் தேவை. கரைசல் கெட்டியாகும்போது காந்தக் குச்சி நின்றுவிடும். ஃப்யூம் ஹூட், முகக்கவசம், அமிலம் தாங்கும் கையுறை, பக்கத்திலேயே ஒரு பொட்டலம் சோடியம் பைகார்பனேட். பின் படிகளுக்கு அடி மட்டமான கண்ணாடிப் பெட்ரி தட்டு, சென்ட்ரிஃப்யூஜ், வேக்குவம் அவன், ரோட்டரி எவாப்பரேட்டர்.

3. சல்போனேற்றம்

100 மி.லி. அமிலத்துக்கு 5 கிராம் தூள் என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தை வேகமாகக் கலக்கியபடி தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும். கட்டியின் நடுவே இருப்பது கடைசிவரை சல்போனேற்றம் ஆகாமலேயே இருந்து, சவ்வில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

முழுவதும் கரையும்வரை அறை வெப்பநிலையிலேயே வையுங்கள். கரைசல் தெளிந்த செஞ்சிவப்பாகித் தேன் பதத்துக்கு வந்த பிறகுதான் 50 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் கரைதல் முடிந்து, சூட்டில் வினை நடந்தால் எல்லாச் சங்கிலிகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கிடைக்கும். இந்தச் சீர்மை மறுசுழற்சியில் உதவும். ஏற்றத்தாழ்வான பாலிமரில் அதிகம் சல்போனேற்றம் ஆன பகுதி ஒவ்வொரு முறையும் கழுவும் நீரோடு போய்விடும்.

எத்தனை மணி நேரம்? கட்டுரைகளில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அமிலத்தின் செறிவு, தூளின் நுண்மை, பாத்திரத்தின் உண்மையான வெப்பநிலை எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. மணிக்கு ஒரு முறை 5 மி.லி. எடுத்து ஐஸ் நீரில் ஊற்றி நிறுத்துங்கள். ஐந்தாறு மாதிரிகளுக்கு, ஐந்தாம் படியில் சொல்லும் முறையில், சல்போனேற்ற அளவு கண்டுபிடித்து உங்கள் ஆய்வகத்துக்கென ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அதை மட்டும் நம்பினால் போதும். வெப்பமானி எண்ணெய்க் குளியலில் இல்லாமல் கரைசலுக்குள் இருக்கட்டும்.

4. வீழ்படிவாக்கி, கழுவி, உலர்த்துதல்

100 மி.லி. கரைசலுக்குக் குறைந்தது ஒரு லிட்டர் ஐஸ் நீர் வேண்டும். நீரைக் கலக்கிக்கொண்டே கரைசலை மெல்லிய நூலாக ஊற்றுங்கள். எப்போதும் அமிலம்தான் நீருக்குள் போக வேண்டும்; மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். ஐஸ் இருப்பதால் வினை உடனே நிற்கும். நூல் மெல்லியதாக இருந்தால் உள்ளே சிக்கிய அமிலம் எளிதாக வெளியே வரும்.

அடுத்தது கழுவுவது. இதில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. அயனி நீக்கிய நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, மறுபடி ஊறவைக்க வேண்டும். பிஎச் 6-ஐத் தாண்டி ஒரு இரவு முழுக்க மாறாமல் இருந்தால்தான் கழுவி முடிந்தது. பத்து நிமிடத்தில் நடுநிலை காட்டும், மறுநாள் காலை பார்த்தால் மறுபடி அமிலமாக இருக்கும். நூலுக்குள் இருந்தது மெதுவாகக் கசிந்திருக்கிறது. இந்த எஞ்சிய அமிலம் அடுத்த படியின் எண்ணை உயர்த்திக் காட்டும், உலர்த்தும்போது பாலிமரைக் கருக வைக்கும். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் சல்போனிக் தொகுதிகளை இரண்டிரண்டாகக் கட்டிவிடும்.

முதலில் 60 டிகிரியில் ஒரு நாள், பிறகு வேக்குவத்தில் 100 டிகிரி. 5 கிராம் பீக் எடுத்திருந்தால், 0.6 அளவுக்கு ஏறக்குறைய 5.8 கிராம் வர வேண்டும். அதற்கு மேல் எடை இருந்தால் ஈரமோ அமிலமோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

5. அயனிப் பரிமாற்றத் திறனை அளத்தல்

உலர்ந்த பாலிமர் 0.2 கிராம், 2 மோலார் சோடியம் குளோரைடு 50 மி.லி., ஒரு நாள் ஊறல். வெளியே வந்த அமிலத்தை 0.02 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் ஃபீனால்ஃப்தலீன் வைத்துத் தரம்பார்க்கவும். 18 மி.லி. செலவானால் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது ஒரு கிராம் பாலிமரில் உள்ள அமிலத் தொகுதிகளின் அளவு, கிராமுக்கு 1.8 மில்லிசமானம்.

இதைச் சல்போனேற்ற அளவாக மாற்ற, திறனை 288.3-ஆல் பெருக்கி, 1000-இலிருந்து திறனின் 80 மடங்கைக் கழித்து வரும் எண்ணால் வகுக்கவும். 1.8-க்கு 0.61 வரும். 288.3 என்பது பீக் அலகின் மூலக்கூறு எடை, 80 என்பது ஏறிய தொகுதியால் கூடும் எடை.

அமில வடிவ எஸ்பீக் காற்றில் வைத்த உடனே ஈரம் இழுக்கும். தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறும். வேக்குவம் அவனிலிருந்து எடுத்தவுடன் மூடியுள்ள எடைக்குப்பியில் போட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுங்கள். முடிந்தால் என்எம்ஆரிலும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையிலும்) சரிபாருங்கள், 7.5 பிபிஎம் அருகே சல்போனிக் தொகுதிக்குப் பக்கத்து ஹைட்ரஜன் தனியாகத் தெரியும்.

6. வார்த்தல்

10 சதவீதக் கரைசலாக டிஎம்எஸ்ஓவில் 60 டிகிரியில் கரைத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, குமிழ் போகும்வரை வேக்குவத்தில் வையுங்கள். 9 செ.மீ. பெட்ரி தட்டில் 50 மைக்ரான் சவ்வுக்கு சுமார் 0.4 கிராம் பாலிமர் போதும். தட்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வேக்குவம் அவனின் தட்டுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

60 டிகிரியில் ஒரு நாள், 80-இல் ஒரு நாள், பிறகு 120 டிகிரி வேக்குவத்தில் சில மணி நேரம். அவசரப்பட்டால் மேலே தோல் கட்டி, அடியில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும். மழைக்கால ஈரக்காற்றில் திறந்து வைத்தால் டிஎம்எஸ்ஓ நீரை இழுத்து, படலம் பால் போல மங்கும். மூடியை லேசாகத் திறந்து, உலர் நைட்ரஜனை மெதுவாக ஓடவிடுங்கள்.

120 டிகிரியைத் தாண்டாதீர்கள். இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான எச்சரிக்கை இதுதான். டிஎம்எஸ்ஓ மிச்சம் இருக்கும் எஸ்பீக்கை 160, 180 டிகிரிக்குக் கொண்டுபோனால் சங்கிலிகளுக்கு நடுவே சல்போன் பாலங்கள் உருவாகும். சவ்வு அழகாக, உறுதியாக வரும், உப்புவதும் குறையும். ஆய்வாளர்கள் இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. ஆனால் நம் நோக்கத்துக்கு அந்தச் சவ்வு பயன்படாது, அது இனி எதிலும் கரையாது.

7. முதல் மறு-கரைப்புச் சோதனை

சவ்வை நீரில் ஊறவைத்து உரித்து, 1 மோலார் சல்பூரிக் அமிலத்தில் அறை வெப்பநிலையில் ஒரு நாள் வைத்து, நீரில் நன்றாகக் கழுவுங்கள். நாஃபியானுக்குச் செய்வது போலக் கொதிக்க வைக்க வேண்டாம்.

சரி, இப்போது ஓரத்தில் 0.1 கிராம் வெட்டி, உலர்த்தி, 2 மி.லி. டிஎம்எஸ்ஓவில் 60 டிகிரியில் போடுங்கள். சில மணி நேரத்தில் தெளிவாகக் கரைந்தால் மேலே போகலாம். உப்பிய துண்டாகவே நின்றால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள், அடுத்து உலோக அயனிகளை. இரண்டையும் பிரித்தறிய அதே துண்டை அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உலர்த்தி மறுபடி முயலுங்கள். இப்போது கரைந்தால் காரணம் உலோகம், கரையாவிட்டால் குறுக்கிணைப்பு. இந்த ஒரு துண்டைக் கரைத்துப் பார்க்காமல் எட்டாம் படிக்குப் போகவே கூடாது.

8. கடத்துதிறனும் நீர் ஏற்பும்

இதற்கு வழிமுறைகள் ஏராளமாக உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு முனைக் கலத்தில் இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்கான மின்தடை) எடுத்து, முனைகளுக்கு இடையிலான நீளத்தை மின்தடை, அகலம், தடிமன் மூன்றின் பெருக்கலால் வகுக்கவும். தடிமனை நனைந்த நிலையிலேயே அளக்கவும். உலர்ந்த தடிமனைப் போட்டால் எண் பொய்யாக உயரும். முதலில் நாஃபியான் 117-ஐப் போட்டு, முழு ஈரத்தில் செ.மீ.க்கு 0.1 சீமன்ஸ் அருகே வருகிறதா என்று உங்கள் கலத்தையே சோதியுங்கள். நீர் ஏற்பை அறை வெப்பநிலையில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள், 80 டிகிரியிலும் அளக்க வேண்டும்.

9. சவ்வை முதுமையாக்குதல்

மறுசுழற்சி என்று பலர் காட்டுவது புதுச் சவ்வைக் கரைத்து மறுபடி வார்ப்பதைத்தான். அது கரையும், அதே எண்கள் வரும். அதனால் எதுவும் நிரூபணம் ஆவதில்லை. குப்பைக்கு வரப்போவது ஓடி, களைத்து, கறை படிந்த சவ்வு. அதைக் கரைத்துக் காட்டினால்தான் உண்மையான வேலை.

ஒற்றை மின்கலத்தில் ஓட்ட வசதி இருந்தால் மின்னோட்டம் எடுக்காமல் திறந்த சுற்று மின்னழுத்தத்தில் பிடித்து வையுங்கள். சங்கிலியைத் தாக்கும் பெராக்சைடு தனியுறுப்புகள் அப்போது நிறைய உருவாகும். வசதி இல்லையென்றால் 80 டிகிரி நீரில் சில வாரங்கள் வைக்கலாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 2 முதல் 4 பிபிஎம் இரும்பு அயனி சேர்த்த ஃபென்டன் கரைசல் மிகக் கடுமையானது, அதில் எஸ்பீக் சில மணி நேரத்திலேயே நொறுங்கும். நேரத்தைக் குறைத்துப் பாதி சிதைவில் நிறுத்தினால் மட்டுமே மீட்புச் சோதனைக்குப் பயன்படும்.

கேத்தோடு, ஆனோடு அடுக்குகளில் பிணைப்பானாக அதே எஸ்பீக்கைப் போடுங்கள். பழக்கத்தில் நாஃபியான் கரைசலை ஊற்றிவிட்டால், மீட்கும்போது இரண்டு பாலிமர்கள் கலந்து நிற்கும், ஃப்ளூரினும் திரும்ப வந்துவிடும். சூட்டில் அழுத்தி ஒட்டும் வெப்பநிலைக்கும் 120 டிகிரிதான் எல்லை.

10. பயன்படுத்திய சவ்வை மீட்டல்

இந்தப் படியில் நிதானம் தேவை. வரிசை இது: கார்பன் தாள்களை உரித்தல், அமிலக் கழுவல், கரைத்தல், கார்பனைப் பிரித்தல், வீழ்படிவாக்கல்.

நீரில் ஊறவைத்தால் வாயு பரவும் கார்பன் தாள்கள் பெரும்பாலும் தானாக விலகும். விலகாத இடத்தைச் சுரண்ட வேண்டாம், கரைத்த பின் வடிகட்டிக்கொள்ளலாம்.

அமிலக் கழுவல் கரைப்பதற்கு முன்னால்தான். எஃகுத் தகடுகள், குழாய்கள் ஆகியவற்றிலிருந்து வந்த இரும்பு சவ்வுக்குள் உட்கார்ந்து சங்கிலிகளைக் கட்டி வைத்திருக்கும். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் ஊறவைத்து, அமிலத்தை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். கழுவிய திரவத்தில் ஒரு சொட்டு பொட்டாசியம் தயோசயனேட் விட்டுப் பாருங்கள். சிவந்தால் இன்னும் இரும்பு வந்துகொண்டிருக்கிறது. நிறம் வராத பிறகே நீரில் கழுவி உலர்த்த வேண்டும். இரும்பு மிச்சம் இருந்தால் அடுத்த சவ்வு ஓடும்போது அதுவே ஃபென்டன் வினையை நடத்தும்.

பிறகு 5 சதவீதமாக டிஎம்எஸ்ஓவில் கரையுங்கள். பாலிமர் கரைந்து, பிளாட்டினம் ஏறிய கார்பன் கறுப்பாக மிதக்கும். வடிதாளில் நேரே ஊற்றினால் உடனே அடைத்துக்கொள்ளும். சென்ட்ரிஃப்யூஜில் கீழே இறக்கி, மேல் கரைசலை மட்டும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். கரைசல் சாம்பல் நிறமாக இருந்தால் திரும்பச் செய்ய வேண்டும். கார்பன் துகள் புதுச் சவ்வுக்குள் போனால் எலக்ட்ரான் கசியும், மின்கலம் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஆகும்.

அடியில் தங்கிய கறுப்பை நீரில் கழுவி ஈரமாகவே மூடி வையுங்கள். உலர்ந்த பிளாட்டினம்-கார்பன் தூளில் ஆல்கஹால் ஆவி பட்டால் தீப்பிடிக்கும். சவ்வு வேலை செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

தெளிந்த கரைசலை நான்காம் படியில் செய்தது போல ஐஸ் நீரில் ஊற்றி வீழ்படிவாக்குங்கள். நேராகவே வார்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சிதைந்த சிறு துண்டுகள் நீரில் கரைந்து போவது இந்த இடத்தில்தான். அதை விட்டால் புதுச் சவ்வு முதல் நனைதலிலேயே கசியும்.

11. பழையதையும் புதியதையும் ஒப்பிடுதல்

எடை: போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது, கரையாமல் நின்றது எவ்வளவு, நீரோடு போனது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். அயனிப் பரிமாற்றத் திறன் சற்று இறங்கியிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அதிகம் சல்போனேற்றம் ஆன துண்டுகள் கழுவலில் போயிருக்கலாம், அல்லது சூடான அமிலச் சூழலில் சல்போனிக் தொகுதியே கழன்றிருக்கலாம்.

கடத்துதிறன் சரியாக இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். சங்கிலி பாதியாக அறுந்தாலும் கடத்துதிறன் பெரிதாக மாறாது, ஆனால் சவ்வு மடித்தால் உடையும். சங்கிலி நீளத்தைச் சொல்வது பாகுநிலைதான். டிஎம்எஸ்ஓவில் 0.05 மோலார் லித்தியம் புரோமைடு சேர்த்து அளக்கவும். உப்பு இல்லாமல் அளந்தால் சங்கிலியின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, நீர்க்க நீர்க்கப் பாகுநிலை ஏறுவதாகக் காட்டும், எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. புதியது, பழையது இரண்டும் ஒரே வடிவத்தில், அமிலமாகவோ சோடியம் உப்பாகவோ இருக்க வேண்டும். இழுவிசைச் சோதனையும் சேர்ந்தால் நல்லது.

பாகுநிலை பாதிக்கும் கீழே போயிருந்தால் தனியாக வார்க்காதீர்கள். புது எஸ்பீக்கோடு கலந்து வார்த்துக்கொள்ளுங்கள், அல்லது மின்முனை அடுக்கின் பிணைப்பானாகப் பயன்படுத்துங்கள். அங்கே தனியாக நிற்கும் வலு தேவையில்லை.

12. கரைப்பான் கணக்கு

10 சதவீதக் கரைசல் என்றால் ஒரு கிராம் பாலிமருக்கு ஒன்பது கிராம் டிஎம்எஸ்ஓ. மீட்கும்போது 5 சதவீதம் என்பதால் அது பத்தொன்பது கிராம். வீழ்படிவாக்கிய நீரோடு சேர்த்து இதைக் கொட்டினால், ஒரு கிராமைக் காப்பாற்றப் பல மடங்கு கழிவை உண்டாக்கியதாகும். நீர்-டிஎம்எஸ்ஓ கலவையிலிருந்து முதலில் ரோட்டரி எவாப்பரேட்டரில் நீரை எடுங்கள். டிஎம்எஸ்ஓவின் கொதிநிலை 189 டிகிரி என்பதால் அது பின்தங்கும். பிறகு நல்ல வேக்குவத்தில், குறைந்த சூட்டில் டிஎம்எஸ்ஓவையும் காய்ச்சி வடியுங்கள். முன்கூட்டியே கலவையின் பிஎச்சைப் பார்த்து, அமிலமாக இருந்தால் நடுநிலையாக்குங்கள். அமிலம் கலந்த டிஎம்எஸ்ஓவைச் சூடாக்கினால் கட்டுக்கடங்காமல் சிதையக்கூடும்.

திரும்பக் கிடைத்த கரைப்பானில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கார்ல் ஃபிஷர் முறையில் அளந்து பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். நீர் அதிகமுள்ளதை அடுத்த முறை கரைக்கும் படிக்கும், உலர்ந்ததை வார்க்கும் படிக்கும் ஒதுக்குங்கள். இரண்டு பாட்டில்களும் மாறிப்போனால் படலம் மங்குவதில் உடனே தெரியும்.